மச்ச ரொட்டியும் கடைசித் திருத்தமும்

அரசாங்கம் எதையும் மறைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் யாரும் சண்டைக்கு வரக் கூடாது பாருங்கள். எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி, முத்திரை குத்தி, வெளியிட்டுவிடுகிறது. வெளியிட்டதை யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். சிபாரிசு வேண்டாம், கால் கடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். அதற்கென்றே நகரத்தின் நடுவில் தூண் தூணாக ஒரு மண்டபம் கட்டி, மின்விசிறி மாட்டி, நாற்காலிக்கு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறது. 'மக்கள் அறிக்கை வாசிப்பு மண்டபம்' என்று பெயர். படிக்கப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு குறையும் வராது. திரும்பி வருவதில்தான் கொஞ்சம் சிரமம்.

ரொட்டிக்கடை மச்சக்காரருக்கு அந்தக் கொஞ்சம் சிரமத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

மச்சக்காரர் என்றதும் ஏதோ பெரிய அதிர்ஷ்டசாலி என்று நினைத்துவிடாதீர்கள். மச்சம் இருந்தது அவர் ரொட்டியில். கடைக்குப் பின்னால் ஒரு செங்கல் அடுப்பு. கல்யாணமான புதிதில் அவரும் அவர் மனைவியும் சொந்தக் கையால் கட்டியது. கட்டும்போது இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு சண்டை. சண்டை மும்முரத்தில் ஒரு செங்கல் கோணலாக உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இடுக்கு வழியாகச் சூடு எகிறி, வெந்து வருகிற ஒவ்வொரு ரொட்டியின் கன்னத்திலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருகல் விழும். மனிதர் தட்டைத் திருப்பிப் பார்த்தார், களிமண் பூசிப் பார்த்தார், அடுப்பைக் கும்பிட்டும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வீதிக்காரர்கள் அதற்கு மச்ச ரொட்டி என்று பெயர் வைத்து, கிண்டல் பண்ணிக்கொண்டே வாங்கித் தின்றார்கள்.

"ஒரே ஒரு தடவை, சுத்திலும் ஒரே மாதிரி சிவந்த ரொட்டி எடுத்துட்டா போதும், நிம்மதியா கண்ணை மூடுவேன்" என்பார் அவர்.

"அப்படி ஒரு ரொட்டி வந்தா அது நம்ம வீட்டு ரொட்டி இல்லைன்னு நான் தூக்கிப் போட்டுடுவேன்" என்பாள் மனைவி.

அன்று காலை மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, டீயும் கையுமாகச் செய்தித்தாளைப் பிரித்தார் மச்சக்காரர். உள்பக்கத்தில் அறிக்கை வெளியீட்டுத் துறை இயக்குநரின் படம். படத்துக்குக் கீழே, 'கடைவீதி அகலப்படுத்தும் திட்டம்: அறிக்கை வெளியானது. விவரங்களை மக்கள் மண்டபத்தில் காணலாம்' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். படம் இருந்த அளவுக்குச் செய்தி இல்லை.

வீதி தானாக அகலமாகாது, யாருடைய சுவராவது விழுந்தால்தான் அகலமாகும் என்பது அவருக்குத் தெரியும். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்தப் பக்கம் இடிக்கறாங்கன்னு போடலியா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இயக்குநர் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறார்னு மட்டும் நல்லாத் தெரியுது."

"சிரிக்கறவர் வீடு இந்த வீதியில இல்ல போலிருக்கு. இப்ப என்னங்க பண்றது?"

"ஒரு எட்டு போய்ப் படிச்சுட்டு வந்துடறேன். மாவு உப்பறதுக்குள்ள இங்க நிப்பேன்."

"அடுப்புக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா…" என்று ஆரம்பித்தவள், அதற்குமேல் சொல்லப் பயந்து, ஈரத்துணியைச் சரிசெய்யப் போய்விட்டாள். மச்சக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மண்டப வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எந்த அரசாங்க வாசலில் கூட்டமில்லாமல் இருந்திருக்கிறது? ஆனால் அவர் அதையும் தன் நல்ல நேரம் என்றே எடுத்துக்கொண்டார். கதவைத் தள்ளியதும் பஞ்சு மாதிரித் திறந்தது. பின்னாலேயே 'டக்' என்று சாத்திக்கொண்டது. உள்பக்கம் அதற்குக் கைப்பிடியே கிடையாது என்பதை அவர் கவனிக்கவில்லை.

"வாங்க, வாங்க! புது வாசகர்!" என்று ஒரு அம்மாள் கைகூப்பி எழுந்து வந்தார். வாசகர் நல அலுவலர் என்று புடவைத் தோளில் பெயர் வில்லை. "இந்த நாற்காலி வசதியா இருக்கா? காத்து வருதா? தண்ணி குடிக்கறீங்களா?"

மச்சக்காரர் நெகிழ்ந்துபோனார். வரி கட்டப் போன இடத்தில் அவரை யாரும் வாவென்றுகூடக் கேட்டதில்லை. மண்டபத்தில் அங்கங்கே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தாடி வைத்த ஒருவர் இவரைப் பார்த்து இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். ஏதோ கழுத்து வலி போலிருக்கிறது என்று இவர் பரிதாபப்பட்டார்.

வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர் ஒருவர் வெள்ளித் தட்டில் பட்டுத்துணி போர்த்தி அறிக்கையைக் கொண்டுவந்தார். முதல் இரண்டு பக்கமும் யார் யாருடைய மேலான வழிகாட்டுதல், யார் யாருடைய தொலைநோக்குப் பார்வை என்பதிலேயே போய்விட்டது. மூன்றாம் பக்கம் கடைசியில் விஷயம் வந்தது. 'மேற்படி வீதியின் இடப்பக்கக் கட்டடங்கள் மக்கள் நலன் கருதி அகற்றப்படும். ஆட்சேபம் உள்ளோர் இன்று மாலை தத்தம் வீட்டு வாசலில் நின்று, வருகை தரும் அலுவலரிடம் நேரில் தெரிவிக்கலாம். வாசலில் ஆள் இல்லாத வீடுகள் மகிழ்ச்சியுடன் சம்மதித்ததாகக் கருதப்படும்.'

அவருடைய கடை இடப்பக்கம்தான். ஆனாலும் வாசலில் போய் நின்று ஆட்சேபம் சொன்னால் போதுமே, மாலைக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே என்று எழுந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நான் வரேன்."

"அடடா, உக்காருங்க! நீங்க படிச்சிட்டிருக்கும்போதே அந்த அறிக்கைக்குத் திருத்தம் வந்துடுச்சு."

"அப்ப அதையும் குடுங்க, படிச்சுடறேன்."

"திருத்தம் வரப்போறதா அறிவிப்புதான் வந்திருக்கு. திருத்தம் இன்னும் வரல."

"சரிம்மா, நான் வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வந்து பாக்கறேன்."

அம்மாள் குழந்தையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துச் சிரித்தார். "எப்படிங்க போக முடியும்? நீங்க படிச்சது இப்ப பழைய தகவல். பழைய தகவலை மனசுல வெச்சுக்கிட்டு ஒருத்தர் வெளியே நடமாடினா அதுக்குப் பேரு என்ன?"

"என்னம்மா?"

"வதந்தி."

"நான் வதந்தி இல்லம்மா. ரொட்டிக்கடைக்காரன்."

"இந்தக் கதவுக்கு உள்ளே நீங்க வாசகர். தாண்டினா வதந்தி. ஒரு வதந்தியை நானே கதவைத் திறந்து வெளியே விட்டா என் உத்தியோகம் என்னங்க ஆகறது? இறுதித் திருத்தம் வரட்டும். படிங்க, சந்தோஷமா போங்க. அதுவரைக்கும் உங்களுக்கு மெத்தை, போர்வை எல்லாம் உண்டு."

மெத்தை என்ற சொல்லைக் கேட்டதும்தான் மச்சக்காரருக்கு விஷயம் உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். அது உள்பக்கம் இழுக்கிற கதவு, இழுக்கப் பிடி இல்லை. நகத்தால் பிராண்டினார். அதற்கு முன்பே பலர் பிராண்டிய தடம் அங்கே அழகாக வார்னிஷ் அடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அதான் தலையை ஆட்டினேன்" என்றார் தாடிக்காரர். "வாங்க, இப்படி உக்காருங்க. நீங்க எது?"

"நான் ரொட்டிக்கடை வெச்சு…"

"தொழிலை யார் கேட்டா? எந்த அறிக்கை படிக்க வந்தீங்க?"

"கடைவீதி அகலப்படுத்தறது."

"ஆ, அகலம்! நான் பஸ் கட்டணம். இந்த அம்மா குடிநீர். அதோ தூங்கறாரே, அவர் பாலம். பாவம், அவர் திறப்பு விழா எப்போன்னு பாக்க வந்தவரு. இப்ப அந்தப் பாலத்துக்கு மராமத்து அறிக்கை வந்தாச்சு."

குடிநீர் அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். "எங்க தெருவுல எப்ப தண்ணி வரும்னு பாக்க வந்தேன். குடத்தைக் குழாயடியில வெச்சுட்டு வந்தேன். தண்ணி வந்துட்டுப் போயிடுச்சாம். குடத்தையும் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அறிக்கை மட்டும் இன்னும் திருத்தத்துலயே இருக்கு."

"வெளியே போக வேற வழியே இல்லியா?"

"மறதித் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு" என்றார் பஸ் கட்டணம். "படிச்சதை மறந்துட்டோம்னு நிரூபிச்சா விட்டுடுவாங்க."

"நான் எழுதினேனே" என்றார் குடிநீர். "அறிக்கையை என் முன்னால முழுசாப் படிச்சுக் காட்டி, 'இது ஞாபகம் இருக்கா?'ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். 'இப்பதானே படிச்சோம், அதுக்குள்ள எப்படி மறக்கும்? பொய் சொல்றீங்க'ன்னு ஃபெயில் பண்ணிட்டாங்க. அடுத்த தடவை ஞாபகம் இருக்குன்னு உண்மையைச் சொன்னேன். அதுக்கும் ஃபெயில்."

மச்சக்காரருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மாவு நினைவுக்கு வந்தது. இந்நேரம் துணியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கும்.

மத்தியானம் முதல் திருத்தம் தட்டில் வந்தது. பாய்ந்து படித்தார். 'இயக்குநர்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'மதிப்புமிகு இயக்குநர்' என்று திருத்தி வாசிக்கவும் என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாம் திருத்தம். 'இடப்பக்கம்' என்பதை 'வலப்பக்கம்' என்று திருத்தி வாசிக்கவும். "அப்பாடா!" என்று அவர் துள்ளி எழுவதற்குள் மூன்றாவது வந்தது. 'இடது, வலது ஆகியவை வீதியைப் பார்வையிடும் அலுவலர் எந்தத் திசையிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தவை. அலுவலர் வரும் திசை பின்னர் அறிவிக்கப்படும்.'

வெயில் சாயும் நேரத்தில் அலுவலர் அம்மாள் வந்து, "உங்களைப் பாக்க வீட்டுல இருந்து வந்திருக்காங்க" என்றார். பார்வையாளர் சந்திப்பு ஜன்னல் வழியாகத்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். கையெல்லாம் மாவு, முகத்தில் கோபம். இந்தப் பக்கம் மச்சக்காரர். நடுவில் அம்மாள் மடியில் அறிக்கையை விரித்து, ஒரு மணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறிக்கையில் உள்ள எந்தச் சொல்லும் ஜன்னலைத் தாண்டிப் போகக் கூடாது, அதுதான் விதி.

"என்னங்க இது? ஒரு எட்டுன்னு சொன்னீங்க, பொழுதே போயிடுச்சு! இடிக்கறாங்களா இல்லியா? எந்தப் பக்கம்?"

"அது வந்து, வீதி…"

'டிங்' என்று மணி அடித்தது. "வீதி அறிக்கையில இருக்குங்க."

"நீ வாசல்ல…" டிங். "மாலைக்குள்ள…" டிங். "நம்ம வீட்டு…" டிங்.

"என்ன மணி அடிச்சு விளையாடறீங்க ரெண்டு பேரும்? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" மனைவி கம்பியைப் பிடித்து உலுக்கினாள். குரல் உடைந்துவிட்டது. "அடுப்பு போயிடுமாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

மச்சக்காரர் எழுந்துவிட்டார். மணியாவது ஒன்றாவது, கத்திச் சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்தார். அம்மாள் அவர் காதோடு, ரொம்பப் பரிவாகவே சொன்னார்: "சொல்றதுன்னா சொல்லுங்க, நான் தடுக்கல. ஆனா அவங்க காதுல விழுந்துட்டா அவங்களும் வாசகர் ஆயிடுவாங்க. உங்க பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலி, மெத்தை தைத்து, தூசி தட்டித் தயாராக இருந்தது. இவளும் உள்ளே வந்துவிட்டால் வாசலில் யார் நிற்பது? இழுத்த மூச்சை அப்படியே விட்டார். வாழ்நாளில் அவளிடம் எதையும் மறைக்காதவர் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார். "மாவு பொங்கி வழிஞ்சிருக்கும். நீ உடனே போ. போய்க் கடைக்கு முன்னால நில்லு. நகராதே. யார் வந்து கேட்டாலும் தரமாட்டேன்னு சொல்லு."

"ரொட்டியையா? வாங்க வர்றவங்ககிட்ட தரமாட்டேன்னு சொல்லவா?"

"எதைக் கேட்டாலும். சிரிச்சுக்கிட்டு வந்து கேப்பாங்க. தரமாட்டேன்னு கையை ஆட்டிச் சொல்லு."

மனைவி அவரையே பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் வெந்தவர்கள். அவளுக்கு என்ன புரிந்ததோ, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அம்மாள் அறிக்கையை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, "மாவு இதுல இல்ல" என்று வருத்தத்தோடு மணியைக் கீழே வைத்தார். அன்றைக்கே மேலிடத்துக்குத் தகவல் போய், அகலத்துக்கு இனி ஜன்னல் சந்திப்பு கிடையாது, வீட்டுச் சாப்பாடு மட்டும் வரலாம் என்று உத்தரவாகிவிட்டது.

மறுநாள் காலையில் ரொட்டி வந்தது. செய்தித்தாளில் சுற்றி வந்ததால் முதலில் தடுத்துவிட்டார்கள், அதில் வேறு செய்திகள் இருக்குமாம். வெறும் ரொட்டியாக உரித்து, உள்ளே ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பின்னல் ஊசியால் குத்திப் பார்த்து, 'தகவல் ஏதும் இல்லை' என்று முத்திரைச் சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பினார்கள். மச்சக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பினார். கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகல். கோணல் செங்கல் வைத்த முத்தம்.

"இருக்கு!" என்று கத்திவிட்டார்.

"என்ன இருக்கு?" என்று அம்மாள் ஓடி வந்தார்.

"பசிம்மா. நல்ல பசி இருக்கு."

அழுதுகொண்டே தின்றார். குடிநீருக்கும் பஸ் கட்டணத்துக்கும் பிட்டுக் கொடுத்தார். கருகல் துண்டை மட்டும் யாருக்கும் தரவில்லை.

இப்படியே நாட்கள் போயின. திருத்தங்கள் வந்தபடி இருந்தன. 'இன்று மாலை' என்பதை 'தினந்தோறும் மாலை' என்று திருத்தி வாசிக்கவும் என்று ஒன்று. அகற்றப்படும் என்பதற்குப் பதில் 'அழகுபடுத்தப்படும்' என்று இன்னொன்று. 'ஆட்சேபம்' என்பதை 'ஆர்வம்' என்று திருத்தி வாசிக்கவும் என்று வந்த அன்று பஸ் கட்டணம் தாடியைத் தடவிக்கொண்டு, "இது நல்லதுக்கில்ல அகலம்" என்றார். ஆனால் காலையில் ரொட்டி வரும். ரொட்டியில் மச்சம் வரும். மச்சக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சரி, இன்னொரு நாள் உட்காரலாம் என்று உட்கார்ந்துகொள்வார். முன்பெல்லாம் எந்தக் கருகலைப் பார்த்தால் அவருக்குக் குமட்டுமோ, அதைப் பார்க்காமல் இப்போது பல் துலக்குவதில்லை.

ஒருநாள் மதிப்புமிகு இயக்குநரே மண்டபத்துக்கு வந்தார். மக்கள் அணுகல் வாரத் தொடக்க விழாவாம். மக்கள் உள்ளேயே இருந்ததால் விழாவுக்குக் கூட்டம் சேர்க்க வேண்டிய செலவு மிச்சம். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த வாசகப் பெருமக்களே! முந்தைய நிர்வாகத்தில் மக்கள் அறிக்கையைப் படித்துவிட்டு உடனே எழுந்து போய்விடுவார்கள். அரசாங்கத்தின் எழுத்தில் அவர்களுக்கு அவ்வளவுதான் பிடிப்பு இருந்தது. இன்றைக்குப் பாருங்கள்! வந்தவர்களில் ஒருவர்கூட வெளியே போகவில்லை. இப்படிப்பட்ட வாசகர்களை உலகத்தில் எந்த அரசாங்கம் பெற்றிருக்கிறது?"

அலுவலர்கள் கைதட்டினார்கள். பாலம் திடுக்கிட்டு விழித்து, திறப்பு விழா என்று நினைத்து அவரும் தட்டினார்.

"நாம் தவறான தகவலை ஒருபோதும் தருவதில்லை. தந்த பிறகே அது தவறு என்று நமக்குத் தெரிய வருகிறது. அந்தக் கணமே திருத்திவிடுகிறோம். அதிலும் சிலர், அறிக்கை வெளிவரும் முன்பே திருத்தம் தயாராக இருக்கிறதே என்கிறார்கள். அதற்குப் பெயர்தான் முன்யோசனை! கடைவீதித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வரும் என்றார்கள். வந்ததா? அங்கே ஒரு குடும்பத் தலைவி தினந்தோறும் மாலையில் கடைக்கு முன்னால் நின்று, நம் அலுவலர்களைக் கண்டதும் 'தரமாட்டேன், தரமாட்டேன்' என்று உரக்க முழங்கி, இரு கைகளையும் ஆட்டுகிறார். அது அந்தப் பகுதி மக்களின் வரவேற்பு முறை என்று எனக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார்கள். அந்தத் தாயின் ஆர்வத்துக்கு இந்த மேடையில் தலைவணங்குகிறேன்!"

மச்சக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் பெண்டாட்டி! மழையோ வெயிலோ, நின்றுகொண்டிருக்கிறாள்! பெருமையில் நெஞ்சு விம்மியது. அடுத்த நொடியே அவள் சொல்வதை இவர்கள் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. எழுந்து கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. என் வீட்டை இடிப்பீங்களா, மாட்டீங்களா?"

"அருமையான கேள்வி!" இயக்குநர் முகம் மலர்ந்தது. "இப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் ஆசைப்படுகிறோம். இதற்கு விரிவானதோர் அறிக்கை வெளியிடப்படும். அதை நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், இங்கேயே அமர்ந்து படிக்கலாம்."

போட்டோ எடுத்தார்கள். மச்சக்காரர் கையைத் தூக்கியிருந்த போட்டோ மறுநாள் மண்டபச் சுவரில் பெரிதாக மாட்டப்பட்டது. 'வாழ்த்துத் தெரிவிக்கும் வாசகர்' என்று அதன் கீழே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு சில நாள் தட்டு வரவே இல்லை. ரொட்டி மட்டும் வந்தது, மச்சத்தோடு. அப்புறம் ஒரு காலையில் பணியாளர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு தட்டைக் கொண்டுவந்தார். அம்மாள் பின்னாலேயே சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அகலம், உங்களுக்கு இறுதித் திருத்தம் வந்துடுச்சு! இதுக்கு மேல திருத்தமே கிடையாதுன்னு முத்திரையே குத்தியிருக்காங்க. நான் இந்த உத்தியோகத்துக்கு வந்ததுல இருந்து இதைப் பாத்ததே இல்ல."

மச்சக்காரர் சட்டென்று எடுத்தார். ஒரே பத்திதான். 'மேற்படி வீதி தொடர்பாக இதுவரை வெளியான அறிக்கைகளும் திருத்தங்களும் ரத்து செய்யப்படுகின்றன. மேற்படி வீதியில் இனி எந்தக் கட்டடமும் இடிக்கப்பட மாட்டாது என்பதை அரசு உறுதியுடன் தெரிவித்துக்கொள்கிறது.'

குடிநீர் அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பஸ் கட்டணம் கட்டிப் பிடித்து முதுகில் அறைந்தார். பாலம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கைகொடுத்தார். அம்மாள் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். வெயில் விழுந்து நடு மண்டபம் வரைக்கும் வந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகும் சத்தம். அதைக் கேட்டு மண்டபத்தில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"கிளம்புங்க அகலம், என்ன யோசனை?"

"ரொட்டி வர்ற நேரம்தான். உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு பிட்டுக் குடுத்துட்டு, அப்படியே போயிடறேன். இன்னைக்கு அந்தக் கருகலையும் தரேன்" என்று சிரித்தார் மச்சக்காரர். மண்டபத்துக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ரொட்டி வந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார்கள், சீட்டு ஒட்டினார்கள். அம்மாளே அதை வாங்கிக் கொண்டுவந்து நீட்டினார். "அட, இன்னைக்கு எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க! உங்க வீட்டுல கைப்பக்குவம் ரொம்பத் தேறிடுச்சு."

மச்சக்காரர் ரொட்டியைத் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மெஷின் தட்டின் சதுரம் சதுரமான தடம் பதிந்திருந்தது. மேலே, சுற்றிலும் ஒரே மாதிரி, எந்த இடத்திலும் கூடாமல் குறையாமல் பொன்னிறமாகச் சிவந்திருந்தது. ஆயுசு முழுக்க அவர் ஆசைப்பட்ட ரொட்டி.

"மச்சம் எங்க அகலம்?" என்று கேட்ட குடிநீர் அம்மாள், கேட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் ரொட்டியைப் பிட்கவில்லை. தட்டில் கிடந்த அறிக்கையை மறுபடி எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'இனி' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவள் எத்தனை மாலை கையை ஆட்டினாளோ. கடைசியாக ஆட்டும்போது என்ன சொன்னாளோ. இப்போது யார் வீட்டில், எந்தக் கடை ரொட்டியை வாங்கி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறாளோ.

கதவு திறந்தே கிடந்தது. அம்மாள் சாவியோடு காத்திருந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "என்னங்க நின்னுட்டீங்க? எந்தத் தடையும் இல்ல, நீங்க தாராளமா போகலாமே."

"எங்கேம்மா போறது?"

அம்மாள் உண்மையாகவே குழம்பிப்போனார். அறிக்கையை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், தட்டின் பட்டுத்துணியைத் தூக்கியும் பார்த்தார்.

"அதைப் பத்தி இன்னும் அறிக்கை எதுவும் வரலைங்க" என்றார். "வந்தா இங்கேதான் வெளியிடுவாங்க. உக்காருங்களேன்."